கிளிக்குச் சொன்ன சந்தை

கல்வராயன் மலைக்குக் கிழக்கே, தென்பெண்ணைக் கரையில் விளங்குவது திருக்கோவலூர். நடுநாட்டுத் திருப்பதிகள் இரண்டனுள் ஒன்றான இத்திவ்யதேசம் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கும். முதலாழ்வார் மூவரும் ஓர் இடைகழியில் நெருக்குண்டு நின்றது இங்கேயாதலின், அருளிச்செயலின் பிறப்பிடமாகவே இவ்வூரைப் பெரியோர் கொண்டாடுவர். ஓங்கி உலகளந்த நிலையில் எம்பெருமான் இங்கே எழுந்தருளியிருக்கிறான். அந்த உலகளந்தான் திருநாமத்தை ஒரு கூண்டுக்கிளியின் வாயில் வைத்தவள் ஆண்டாள்.

கிளிக்குப் பேச்சுப் பழக்குதல் தமிழகத்து இல்லங்களில் நெடுநாள் இருந்த வழக்கம். பாலும் பழமும் ஊட்டி, ஓசையடங்கிய வேளை பார்த்து, ஒரே சொல்லை ஒரே குரலில் பலகாலும் சொல்லுவர். கிளி பலநாள் வாளா கேட்டிருந்து, ஒருநாள் தானே சொல்லத் தொடங்கும். சொன்னதையே சொல்லுமதனால், பொருளறியாது ஒப்பிப்பவனைக் 'கிளிப்பிள்ளை' என்று உலகத்தார் இகழ்வர். ஆயின் ஆழ்வார்கள் காட்டும் கிளிகளை நோக்கினால் இவ்விகழ்ச்சி நில்லாது.

நாச்சியார் திருமொழியின் பன்னிரண்டாம் திருமொழியில் வரும் கிளி, கூட்டிலிருந்தபடியே எப்போதும் கோவிந்த நாமத்தைச் சொல்லுகிறது. பிரிவால் நொந்திருப்பவளுக்கு அத்திருநாமம் ஆற்றாமையை வளர்க்கிறது. உணவை நிறுத்தினால் வாய் அடங்கும் என்று பார்த்தால், அது உலகளந்தான் திருநாமத்தை முன்னிலும் உரக்கக் கூவுகிறது. ஒருமுறை ஊன்றிய திருநாமம் பசிக்கும் தண்டனைக்கும் அடங்குவதன்று என்பதை அப்பாசுரத்தில் காண்கிறோம். திருவாய்மொழியின் ஒன்பதாம் பத்து ஐந்தாம் திருவாய்மொழியிலும் கிளியின் வாயும் நிறமும் கண்ணனை நினைப்பூட்ட, பராங்குச நாயகி நோவுபடுகிறாள்.

திருமங்கையாழ்வாரின் திருநெடுந்தாண்டகத்தில் இந்நிலை மாறுகிறது. முப்பது பாசுரங்கள் கொண்ட இப்பிரபந்தத்தில் முதற்பத்து ஆழ்வார் தாமான தன்மையிலும், நடுப்பத்து தாய் பேச்சாகவும், கடைப்பத்து மகள் பேச்சாகவும் அமைந்தவை. திருக்கோவலூர் தாமான தன்மையில் 6, 7ஆம் பாசுரங்களிலும், மகள் பாடுவதாகத் தாய் கூறும் 17ஆம் பாசுரத்திலும் இடம்பெறுகிறது. கிளியின் செய்தி 13, 14ஆம் பாசுரங்களில் உள்ளது. முன்னதில் மகள் திருநாமங்களை எடுத்துக் கொடுத்துத் தன் கிளியைச் சொல்லச் சொல்லுகிறாள். சொல்லி முடிப்பதற்குள் கண்ணீர் பெருகத் தளர்ந்து போகிறாள். பின்னதில், தளர்ந்தவள் கேட்கும்படி கிளி தானே பாடுகிறது. குறுங்குடி, அரங்கம், திருத்தண்கா, வெஃகா என்று அது பாடக் கேட்டவள், வளர்த்ததன் பயனைப் பெற்றதாகச் சொல்லி, அக்கிளியைக் கைகூப்பி வணங்குகிறாள்.

கற்பித்தவள் கற்றதை வணங்குகிறாள் என்பது இங்குச் சிந்திக்கத்தக்கது. தூதுசெல்லும் பறவைகளை ஆசார்யர்களாகக் கொள்வது ஆசார்ய ஹ்ருதயத்தின் முறை. அம்முறையில், ஆசிரியையின் வாய் தளர்ந்தபோது திருநாமத்தை மீட்டுக் கொடுத்த கிளிக்கும் ஆசார்ய ஸ்தானம் தகுமன்றோ? பட்டர் மேல்கோட்டை சென்று நஞ்சீயரைத் திருத்திப் பணிகொண்டது இந்தத் திருநெடுந்தாண்டகத்தைக் கொண்டே. திருவரங்கத்தில் அத்யயன உத்ஸவம் தொடங்குவதும் இதனைக் கொண்டே.

கிளிக்குக் கற்பித்த இம்முறையே அருளிச்செயல் கற்கும் முறையுமாகும். ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணாக்கர் இருமுறை சொல்லுவதைச் சந்தை என்பர். முதலில் சொல் நாவில் தங்கும். பொருள் பின்பு வ்யாக்யானத்தால் விளங்கும். இதன் வலிமைக்கு நம் வரலாறே சான்று. பிரபந்தங்கள் வழக்கொழிந்திருந்த காலத்தில், வீரநாராயணபுரத்தில் சிலர் திருக்குடந்தை ஆராவமுதன் விஷயமான ஒரு திருவாய்மொழியைச் சேவிக்க நாதமுனிகள் கேட்டார். ஆயிரத்துள் ஒரு பத்து என்பது அதன் நிகமனத்தால் தெரிந்தது. மீதியை வினவியபோது அவர்கள் அறிந்திருக்கவில்லை. பின்னர்த் திருக்குருகூரில் பராங்குசதாஸரிடம் கண்ணிநுண் சிறுத்தாம்பைப் பெற்று, பன்னீராயிரம் உரு அனுஸந்தித்து, நாலாயிரத்தையும் பெற்றார் என்பது குருபரம்பரை. அன்று அவர்கள் தமக்குத் தோன்றியதைக் கூட்டாமல், கேட்டதை மட்டும் கிளிபோல் சொன்னதனாலன்றோ இன்று நம் கையில் நாலாயிரமும் இருக்கின்றன? முன்னோர் மொழிந்த முறை தப்பாமல் பேசுதலையே மணவாளமாமுனிகளும் உபதேசரத்தினமாலையில் வற்புறுத்தினார். காடு மூடிக் கிடந்த திருவரங்கத்தின் பெருமையைக் கூறும் சுலோகத்தை ஒரு கிளி சொல்லக் கேட்டுச் சோழன் கோயிலை வெளிப்படுத்தினான் என்று கோயிலொழுகு கூறும். அவன் கிளிச்சோழன் எனப்பெற்றான்; கிளிமண்டபம் இன்றும் அங்கே உள்ளது.

இக்காலத்தில் நாட்டுக்கிளியைப் பிடித்துக் கூண்டிலடைப்பதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. கல்வராயன் மலைக் கிளிகள் மலையிலேயே இருக்கட்டும். அதனால் ஸம்ப்ரதாயத்துக்குக் குறைவொன்றுமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் திருக்கையை அலங்கரிக்கும் கிளி நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுவது. அதன் மூக்கு மாதுளம்பூ. உடல் மரவள்ளி இலை. கள்ளக்குறிச்சிச் சீமையின் கொல்லைகளில் தழைத்து நிற்பதும் அம்மரவள்ளியே.

கூண்டுக்கிளி போகலாம்; சந்தை போகலாகாது. அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்துச் சேவிப்பவன் அதனை மூடியதும் நின்றுவிடுவான். சந்தையால் கற்ற பிள்ளையோ, கற்பித்தவர் முதுமையால் அடி மறந்து தயங்கும் நாளில், அடுத்த அடியை எடுத்துக் கொடுக்கும். அன்று அம்முதியவர் அப்பிள்ளையைக் கைகூப்பினால், திருநெடுந்தாண்டகத்தில் கிளியை வணங்கினவளின் வழியிலேயே அவரும் நின்றவராவார்.