குதிரையோட்டியின் அனுமதிப்பத்திரம்: நுவரெலியாப் பந்தயம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தமிழர்க்குக் குதிரை புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிற் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகின்றது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற வாதவூரர் கதையை அறியாதார் நம்மிடையே இலர். எனினும், பந்தயத்திற் குதிரையோட்டுவதைத் தனித் தொழிலாக்கி, அதற்குப் பயிற்சியும் தேர்வும் அனுமதிப்பத்திரமும் வகுத்த முறை ஆங்கிலேயரிடத்தே வளர்ந்ததாகும். அம்முறை நமது மலைநாட்டிற்கு எவ்வாறு வந்தது, வந்தும் ஏன் முழுமையாக வேரூன்றவில்லை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1750 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலே தோன்றி, நியூமார்க்கெட் நகரில் நிலைகொண்டது ஜொக்கி கிளப். பெயர் குதிரையோட்டிகளுடையதாயினும் அது பிரபுக்களின் சங்கமே. 19 ஆம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் அச்சங்கம் ஓட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கலாயிற்று. பத்திரம் பெறவிரும்பும் சிறுவன் முதலில் ஒரு பயிற்சியாளரிடம் ஒப்பந்தப்படி பயிலுநனாகச் சேர்வான். லாயம் கூட்டுதல், குதிரையைத் தேய்த்தல், தீனியிடுதல் ஆகியன அவனது தொடக்கப் பாடங்கள். பின்னரே விடியற்காலைப் பயிற்சியோட்டத்திற் சேணத்தின்மீது அமர்வான். பிரெட் ஆர்ச்சர் 11 வயதில் இவ்வாறு சேர்ந்து, 13 ஆண்டுகள் நாட்டின் முதன்மை ஓட்டியாக விளங்கி, 2,748 பந்தயங்களில் வென்றார். ஆயின் உயர்ந்த உடலை எடைக்குள் அடக்கப் பட்டினி கிடந்து மெலிந்த அவர், மனத்துயரும் சேர்ந்து வருத்த, 1886 இல் 29 ஆம் வயதில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இத்தொழில் வேண்டும் விலை எத்தகையது என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.

இத்தொழிலின் நடுநிலையைக் காப்பது தராசு. ஒவ்வொரு குதிரையும் சுமக்கவேண்டிய எடை முன்னரே விதிக்கப்படும். ஓட்டியும் சேணமும் சேர்ந்து அதற்குக் குறைந்தால் ஈயத்தகடு சேர்த்து நிரப்புவர். பந்தயம் முடிந்தபின் மீண்டும் நிறுப்பர். எடை குறைந்திருப்பின் வென்ற குதிரையும் வெற்றியை இழக்க நேரிடும். அனுபவமில்லாப் பயிலுநனுக்கு எடையிற் சலுகை உண்டு. வெற்றி பெருகப் பெருக அச்சலுகை அருகும். ஓட்டி பந்தயத்திற் பணங்கட்டுதல் ஆகாது. மருத்துவச் சோதனையிலே தேறவேண்டும். குற்றம் புரிந்தாற் பத்திரம் நிறுத்தி வைக்கப்படும்.

இனி நுவரெலியாவை நோக்குவோம். சாமுவேல் பேக்கரின் தமையனோ தம்பியோ என்பதனினும், அவர்தம் உடன்பிறந்தாரான ஜோன் பேக்கர் மகாகஸ்தோட்டையிற் பந்தயக் குதிரைகளைப் பயிற்றினார் என்பதே இங்கு கருதத்தக்கது. 1875 இல் இங்குப் பந்தயத்திடல் அமைந்தது. அது கோப்பிப் பயிரின் செல்வக் காலம். கோப்பி நோயால் அழிய, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 1884 இல் ஹட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் புகையிரதப் பாதை எட்டவே, கொழும்புச் செல்வரும் வசந்த காலத்தில் மலையேறி வரலாயினர்.

துரைமாரின் குதிரைகளுக்குப் புல்லறுத்தும், மேனி தேய்த்தும், கடிவாளம் பற்றிக் கூடவே நடந்தும் பணிசெய்த குதிரைக்காரருட் பலர் தமிழர். நியூமார்க்கெட்டுப் பயிலுநனின் தொடக்கப் பாடங்களை அவர்கள் நாடோறும் செய்தனர். ஆனால் லாயத்திலிருந்து சேணத்துக்கு ஏறும் படி அவர்களுக்கு அமைக்கப்படவில்லை. ஆங்கிலச் சிறுவனையும் ஒரு பத்திரம் கட்டியது. ஆயினும் அது தொழிற் பத்திரத்துக்கு வழிகாட்டியது. தோட்டத் தொழிலாளியைக் கட்டிய பத்திரமோ 'துண்டு'. கடன் தீர்ந்தாலன்றி வேறு தோட்டம் புகவொட்டாத அச்சீட்டு 1921 இலேதான் சட்டத்தால் ஒழிந்தது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்பின் அம்மக்களிற் பெரும்பாலார் நாட்டின் குடிகள் என்னும் பத்திரமும் இன்றி நின்றனர். எஞ்சியிருந்தோரின் குறையைத் தீர்க்கும் சட்டம் 2003 இலே பிறந்தது.

இதற்கிடையிற் பந்தயமே நின்றது. 1956 இல் அமைந்த பண்டாரநாயக்க அரசின் காலத்தில் நிறுத்தப்பட்ட குதிரைப் பந்தயம், 1981 இலேதான் நுவரெலியாவில் மீண்டும் தொடங்கியது. கால் நூற்றாண்டு என்பது ஒரு தலைமுறை. குதிரையோட்டும் கலை நூலால் வருவதன்று. மூத்தோனைப் பார்த்து இளையோன் பயில்வது. அச்சங்கிலி அறுந்தால் திடலும் கொட்டகையும் எஞ்சலாம், தொழில் எஞ்சாது. அண்மைக்காலப் பந்தயங்களுக்கு இந்தியாவிலிருந்து ஓட்டிகளை அழைக்க நேர்ந்தமை இதன் விளைவே எனலாம்.

இந்தியாவில் அச்சங்கிலி பெரிதும் அறாது காக்கப்பட்டது. பந்தயக் கழகங்கள் பயிலுநர்க்கெனப் பள்ளிகளையும் நடாத்தின. சென்னையில் வளர்ந்த ரூபா சிங் என்னும் பெண்மணி தொழில்முறை ஓட்டியாகிப் புகழ்பெற்றமை, இத்துறை ஆடவர்க்கே உரியதன்று என்பதைக் காட்டிற்று. தமிழ்நாட்டரசு 1974 இற் பந்தயத்தைத் தடைசெய்யச் சட்டமியற்றியது. அவ்வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996 இல் தீர்ப்பளிக்கையில், குதிரைப் பந்தயம் வெறும் வாய்ப்பு விளையாட்டன்று, திறமையே அதில் மேலோங்கியது என்று கொண்டது. குதிரையின் ஆற்றலோடு ஓட்டியின் பயின்ற திறனும் அம்முடிவுக்கு அடிப்படையாயிற்று.

சூதினால் மலைநாட்டுக் குடும்பங்கள் கெட்டமையை எவரும் மறுக்கார். கடல்கடந்த நாட்டுக் குதிரைமீது நாட்கூலியைக் கட்டி இழப்போனுக்கும், குதிரையின்மீது அமர்ந்து உடலையும் உள்ளத்தையும் அடக்கியாள்வோனுக்கும் வேற்றுமை பெரிது. முன்னையது தொழிலாளியின் பொருளைக் கவர்வது. பின்னையது அவன் மகனுக்கும் தொழிலாகத் தக்கது. இன்றும் கிரெகரி ஏரிக்கரையிற் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய மட்டக்குதிரைகளை இளைஞர் நடத்திச் செல்கின்றனர். குதிரையின் குணமறிந்த கைகள் அவை. ஆண்டு முழுதும் இயங்கும் லாயம், பொறுப்புள்ள பயிற்சியாளர், பள்ளிக்கல்வியைக் கெடுக்காத பயிலுநர் முறை, வீழ்ந்தார்க்குக் காப்புறுதி ஆகிய நான்கும் அமையுமாயின், அக்கைகள் அனுமதிப்பத்திரத்தையும் பற்றும். இவை அமையாவிடின், பந்தயத்திடல் வசந்தகாலக் காட்சியாகவே நிற்கும்.