முதல் இரவு (மைன்கிராப்ட்)

மைன்கிராப்ட் காணொளி விளையாட்டின் உயிர்பிழைப்பு முறையில், வெறுங்கையோடு தொடங்கும் ஆட்டக்காரர் கடக்க வேண்டிய முதல் இருட்டு. சுவீடனின் மொஜாங் நிறுவனம் 2011 நவம்பர் 18இல் இந்த விளையாட்டின் முழுப் பதிப்பை வெளியிட்டது. ஆட்டத்தில் ஒரு நாள் என்பது 20 நிமிடம். பகல் ஏறத்தாழ 10 நிமிடமே.

இருட்டியதும் சோம்பி என்னும் நடைபிணம், எலும்புக்கூடு, சிலந்தி, நெருங்கி வந்து வெடிக்கும் கிரீப்பர் எல்லாம் கிளம்பும். மரத்தைக் கையாலேயே தட்டி உடைத்து, பலகையாக்கி, மரப் பிக்காசு செய்து கல் வெட்டுவது வழக்கமான தொடக்கம். புதியவர்கள் பெரும்பாலும் அழகான வீடு கட்டப் போய்ப் பொழுதைத் தொலைப்பார்கள். குன்றைக் குடைந்து உள்ளே போய் வாயிலைக் கல்லால் அடைத்தாலே போதும். நிலக்கரி அகப்படாவிட்டால் 8 கல்லில் அடுப்பு செய்து மரத்துண்டைச் சுட்டுக் கரியாக்கலாம். ஒரு கரியும் ஒரு குச்சியும் சேர்ந்தால் 4 பந்தம். மூன்று கம்பளியும் மூன்று பலகையும் கொண்டு கட்டில் செய்தவர் இரவைத் தூங்கியே கழித்துவிடலாம்.

மலேசியாவில் ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாயின் சுண்ணாம்புக் குன்றுகளையும் கல் குவாரிகளையும் பார்த்து வளர்ந்தவருக்குக் குன்றைக் குடைந்து தங்கும் உத்தி அந்நியமாகத் தோன்றாது. சுண்ணாம்புக் குகைகளில் தொங்கும் சொட்டுக்கற்கள் 2021இல் இந்த ஆட்டத்திலும் சேர்க்கப்பட்டன.

விடிந்ததும் சோம்பியும் எலும்புக்கூடும் வெயில் பட்டு எரியும். கிரீப்பர் எரியாது; ஆகவே அடைப்பை எடுக்குமுன் வெளியே அது நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.