நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே

மணிமேகலையைக் கையிலெடுப்போர் பெரும்பாலும் ஆபுத்திரன் கதைக்காகவும் அமுதசுரபிக்காகவும் எடுக்கின்றனர். தத்துவம் பேசும் இறுதிக் காதைகள் வந்ததும் புத்தகத்தை மூடிவிடுகின்றனர். அதைக் குறையாகச் சொல்ல நமக்கு மனமில்லை. 1898-இல் அந்நூலைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரே பௌத்தக் கலைச்சொற்களின் முன் திகைத்து, கும்பகோணம் கல்லூரி ரங்காசாரியரிடம் கேட்டுக் கேட்டுத்தான் தெளிந்தார். ஆனால் நாம் மூடிவிடும் அந்தப் பக்கங்களில், பன்னிரு நிதானங்களின் வரிசையில், மூன்று சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன: நுகர்வு, வேட்கை, பற்று. குடியை விட எண்ணியும் விட இயலாதவனின் நிலையை இவற்றினும் சுருக்கமாகச் சொன்ன சொற்களை நாம் கண்டதில்லை.

சாத்தனார் மதுரைக் கூலவாணிகர். கீழமாசி வீதியின் மொத்த வணிகக் கடைகளைக் கடந்து சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்துக்கு நடக்கும்போதெல்லாம், தானியம் விற்ற ஒருவரின் எழுத்தில் இந்த நுட்பம் எப்படி வந்தது என்று வியந்திருக்கிறோம். 'நுகர்வு' என்பது இங்கே புலன்வழி உடலில் எழும் இன்ப துன்ப உணர்ச்சி. அச்சொல் பிற்காலத்தில் 'நுகர்வோர்' ஆகிக் கடைக்கு வருபவரைக் குறிக்கலாயிற்று. மதுக்கடைக்கு வருபவரும் அதில் அடக்கம். உணர்ச்சி எழுவது தானே நிகழ்வது. அதை இன்னும் வேண்டும் என்றோ, உடனே தொலைய வேண்டும் என்றோ மனம் தாவும்போது அது வேட்கையாகிறது. வேட்கை இறுகினால் பற்று. இவ்விரண்டாம் படியில்தான் ஏதேனும் செய்ய முடியும் என்பது பௌத்த மரபின் கணிப்பு. பேச்சை நிறுத்திப் பத்து நாள் அமரவைக்கும் தியான முகாம்கள் குடிநோயாளிகளுக்கு உதவுவதாகச் சொல்லப்படுவதன் அடிப்படையும் இதுவே.

தமிழகத்தில் குடியைப் பற்றிய விவாதம் ஒரு நூற்றாண்டாகக் கடையைத் திறப்பதா மூடுவதா என்ற இடத்திலேயே சுற்றி வந்திருக்கிறது. 1929-இல் ராஜாஜி திருச்செங்கோடு ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகையை நடத்தினார். உடனிருந்து எழுதியவர் கல்கி. 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது, 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது, 1971-இல் தளர்ந்தது, மீண்டும் வந்தது, மீண்டும் போயிற்று. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. கடைகளைக் குறைக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆயினும், கடை மூடிய பிறகும் நடுங்குகிற அந்தக் கையை என்ன செய்வது என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடையில்லை.

விடை தேடியவர்களில் ஒருவர் குடிகாரரே அல்லர். 1924-இல் மாந்தளையில் மார்வாடி வணிகக் குடும்பத்தில் பிறந்த சத்ய நாராயண கோயங்காவுக்குக் கடும் ஒற்றைத் தலைவலி. மருத்துவர்கள் மார்ஃபின் ஊசி போட்டனர். வலி தணிந்தது, மார்ஃபினுக்கு அடிமையாகிவிடுவோமோ என்ற அச்சம் பிறந்தது. ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் என்று மருத்துவரைத் தேடி அலைந்தும் பயனில்லை. 1955-இல் ரங்கூனில் ஊ பா கின் என்பவரிடம் போய்ச் சேர்ந்தார். அவர் துறவியல்லர், பர்மா அரசின் தலைமைக் கணக்காயர். அலுவலகக் கோப்புகளுக்கிடையே தியானம் கற்பித்தவர். தலைவலிக்கு மருந்தாக இதைக் கேட்டு வருவதானால் வர வேண்டாம் என்று முதலில் அவர் மறுத்துவிட்டார் என்பதைக் கோயங்காவே பலமுறை சொல்லியிருக்கிறார். நமக்கு இந்த மறுப்புப் பிடித்திருக்கிறது. 'குடி மறக்க ஒரே மருந்து' என்று சுவரெழுத்து எழுதும் ஊரில் வாழ்கிறோம் அல்லவா!

1969-இல் கோயங்கா இந்தியா வந்து மும்பையில் முதல் முகாமை நடத்தினார். 1976-இல் இகத்புரியில் மையம் எழுந்தது. முகாமின் முறை எளிது, கடைப்பிடிப்பது கடினம். விடியற்காலை நான்கு மணிக்கு எழ வேண்டும். நாளுக்குப் பத்து மணி நேரம் வரை அமர வேண்டும். பேச்சு, சைகை, கைபேசி, புத்தகம் எதுவும் கிடையாது. (நம்மைப் போன்றோர்க்குக் கடைசியாகச் சொன்னதுதான் கடும் தண்டனை.) முதல் மூன்றரை நாள் மூச்சைக் கவனிப்பது, பிறகு உடலெங்கும் எழும் உணர்ச்சிகளைத் தலை முதல் கால் வரை, எதிர்வினை காட்டாமல் பார்த்துவருவது. மனிதன் அடிமையாவது சாராயத்துக்கன்று, சாராயம் உடலில் எழுப்பும் உணர்ச்சிக்கு என்பது கோயங்காவின் விளக்கம். சாத்தனாரின் சொற்களுக்கு இதைவிடச் சிறந்த உரை வேண்டியதில்லை.

குடிப்பழக்கத்தோடு இம்முறையை ஆய்வாளர்கள் பொருத்திப் பார்த்த களம் சிறைச்சாலையே. 1975-இல் ஜெய்ப்பூர் மத்தியச் சிறையில் முதல் முகாம் நடந்தபோது சில கைதிகளைக் கால்விலங்கோடு கொணர்ந்தனர் என்றும், விலங்கை அகற்றினாலன்றிக் கற்பிக்க மாட்டேன் என்று கோயங்கா நின்றார் என்றும் சொல்வர். 1993-இல் கிரண் பேடி திகாருக்கு இதைக் கொணர்ந்தார். 1994 ஏப்ரலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே முகாமில் மௌனம் காத்தனர். 1997-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரச் சிறையொன்று இதைத் தொடர்ந்தது. குடிநோயாளிகள் திருந்தியபின் ஏன் மீண்டும் வழுக்கி விழுகின்றனர் என்பதையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட ஆலன் மார்லட் அங்கேதான் இதைக் கவனித்தார். விடுதலையாகி மூன்று மாதங்களுக்குப் பின், முகாமில் இருந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே குடித்தனர் என்று அவரது குழு 2006-இல் எழுதியது. ஆனால் முகாமுக்கு வந்தவர்கள் தாமாக விரும்பி வந்தவர்கள். மாற வேண்டும் என்ற உறுதி முன்பே இருந்திருக்கலாம். ஆய்வின் இந்தக் குறையை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

மார்லட் வேட்கையை அலை என்றார். எழும், உச்சம் தொடும், தானே தணியும். அதற்கு இடம் கொடாமலும் அதை எதிர்த்து மல்லுக்கு நில்லாமலும் அதன்மேல் மிதந்து கடக்கப் பழக வேண்டும் என்றார். அவர் மாணவர்கள் மௌன முகாமைச் சுருக்கி எட்டு வார வகுப்பாக்கினர். சிகிச்சை முடித்த 286 பேரிடம் செய்து 2014-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு கழித்து இவ்வகுப்பினர் மற்றப் பிரிவினரைவிடக் குறைந்த நாட்களே போதைப் பொருளைத் தொட்டிருந்தனர். அது பத்து நாள் மௌனத்தின் வெற்றியன்று. அதன் சாரத்தின் வெற்றி என்று வேண்டுமானால் கூறலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் சித்தக் குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்து. அந்நேரத்தில் வேண்டியது மருத்துவமனை. தியான மண்டபம் அன்று. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் சிகிச்சை நிறுவனம் தொடங்கியபோது மருந்தையும் குடும்பத்துக்கான அறிவுரையையும் சேர்த்தே வைத்தார். உடல் தெளிந்த பிறகே மௌனத்துக்கு வேலை. மனநோய் உடையவர்க்கு நீண்ட மௌனம் தீங்காகவும் முடியலாம்.

மதுரைக்கு இது புதிதா? மாங்குளம் மலையில் நெடுஞ்செழியன் காலத்தில் கணிநந்தி என்ற துறவிக்கு வெட்டிக்கொடுத்த கற்படுக்கைகளைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டை ஒட்டியவை என்று ஐராவதம் மகாதேவன் கணித்தார். கீழக்குயில்குடி, அரிட்டாபட்டி, ஆனைமலை என்று ஊரைச் சுற்றிய குன்றுகள் பலவும் அடக்கத்துக்கு இடம் தந்தவை. அவர்கள் சமணர், குடிநோய்க்கு மருத்துவம் செய்தவர் அல்லர். ஆனால் ஊருக்கு வெளியே போய் அமைதியாக அமர்ந்துவருவது இம்மண்ணுக்கு அயலானதன்று என்ற அளவில் நமக்கு அது போதும். விபசனா மையமும் திண்டுக்கல் மாவட்டத்தில் காந்திகிராமத்துக்கு அருகே 'தம்ம மதுரா' என்ற பெயரில் வந்துவிட்டது.

கட்டணம் கிடையாது, உணவும் இடமும் முன்பு பயின்றவர்களின் கொடை. ஆனால் சிம்மக்கல்லில் மூட்டை சுமக்கும் ஒருவருக்குப் பத்து நாள் என்பது பத்து நாள் கூலி. அவர் உள்ளே இருக்கும்போது வீட்டில் உலை எரிவது எப்படி என்று முகாம் விதிகளில் எழுதியிருக்காது. திரும்பிவந்தபின் காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் அமர வேண்டும் என்பர். ஓர் அறை வீட்டில், மூன்று பிள்ளைகளுக்கும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டிக்கும் நடுவே, அந்த ஒரு மணி நேரத்தை அவருக்கு ஒதுக்கித் தர வேண்டியவர் பெரும்பாலும் அவர் மனைவியே.