உப்பும் சங்கிலியும்: மதுரையில் மனநோய் ஆய்வு பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

தொண்ணூறுகளில் ஃபூக்கோவை வாசித்த எங்களில் பலருக்குப் பைத்தியத்தின் வரலாறு ஒரு சுவரின் வரலாறாகவே அறிமுகமாயிற்று. 1961இல் பிரெஞ்சில் வெளிவந்த அவருடைய நூல், பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஏழைகளும் வேலையற்றோரும் பைத்தியக்காரர்களும் ஒன்றாக அடைக்கப்பட்டதைச் சொல்லி, பின்னால் வந்த மனநல மருத்துவத்தை அந்தச் சுவருக்குள் பிறந்த அறிவாகக் காட்டியது. அதே ஆண்டில் அமெரிக்காவில் தாமஸ் சாஸ், மனநோய் என்பதே கட்டுக்கதை என்று எழுதினார். இரண்டையும் முழுசாகப் படித்தீர்களா என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை. சிற்றிதழ்ச் சுருக்கங்கள், விடிய விடிய டீக்கடைப் பேச்சு, அவ்வளவுதான். ஆனால் முடிவு மட்டும் தெளிவாக இருந்தது: மாத்திரை என்பது அதிகாரத்தின் நுண்வடிவம், மூளையின் வேதியியல் பற்றிய பேச்சு, சமூகம் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளை உடலுக்குள் தள்ளிப் பூட்டுகிற சொல்லாடல்.

அன்று நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. மதுரையில் அந்தச் சுவர் எங்கே இருந்தது?

2

சுவர் மதராசில் இருந்தது. 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் தொடங்கிய பைத்தியக்கார விடுதி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. இருபதாம் நூற்றாண்டு முழுக்கத் தமிழ்நாட்டின் பெரிய அரசு மனநோய் மருத்துவமனை அதுதான். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்பது எங்கள் பக்கத்தில் வசவுச் சொல்லாகப் புழங்கியது. அந்த இடத்தைப் பார்த்தவர்களோ ஊருக்கு ஒருவர்கூட இருக்க மாட்டார்கள். வைகைச் சமவெளியிலும் திருமங்கலம், விருதுநகர் கரிசல் பக்கத்திலும் புத்தி பேதலித்தவருக்கு அரசு சுவர் கட்டித் தரவில்லை. வீட்டுத் திண்ணைத் தூண், மாட்டுக் கொட்டகை, கோயில் மண்டபம், தர்கா வாசல், பஸ் ஸ்டாண்ட் ஆகியவையே அவர்களுடைய இடங்கள். இங்கே அடைப்பின் வடிவம் சுவரல்ல, சங்கிலி. அதை அரசாங்கம் பூட்டவில்லை. ஊரும் உறவும் பூட்டின. பல நேரங்களில் அன்போடும் அழுகையோடும் பூட்டின.

இந்த வேறுபாடு சிறியதல்ல. ஐரோப்பியச் சுவரை எதிர்க்கக் கற்ற கோட்பாட்டை அப்படியே மதுரைக்குக் கொண்டுவந்தபோது, எதிராளி யார் என்பதிலேயே நாங்கள் தவறிவிட்டோம்.

3

மதுரையில் மனநல மருத்துவம் வந்து சேர்ந்த இடம் தனித்த விடுதியல்ல; காய்ச்சலும் பிரசவமும் பார்க்கிற பொது ஆஸ்பத்திரி. பழைய கவர்னர் எர்ஸ்கின் பெயர் தாங்கி, பின்னால் ராஜாஜி பெயருக்கு மாறிய, ஜனங்கள் 'பெரியாஸ்பத்திரி' என்றே சொல்கிற இடம். மதுரை மருத்துவக் கல்லூரியில் மனநலத் துறையை வளர்த்தெடுத்தவர் டாக்டர் அ. வெங்கோபராவ். அவருடைய ஆய்வுத் தாள்களின் தலைப்புகளை வரிசையாக வைத்தாலே ஒரு சமூக வரலாறு கிடைக்கும். 1965இல் எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட 114 தற்கொலை முயற்சிகளைப் பற்றிய ஆய்வு. 1966இல் மனச்சோர்வு நோயாளிகள் முப்பது பேர் பற்றியது. 1977இல் நம்மாழ்வாருடன் சேர்ந்து, மதுரையின் 122 மனச்சோர்வு நோயாளிகளைப் பின்தொடர்ந்து எழுதியது. அது பிரிட்டிஷ் மனநல இதழில் வந்தது.

இதிலென்ன அரசியல் என்று கேட்கலாம். 1953இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நூலொன்றில் கரோதர்ஸ் என்கிற காலனிய மருத்துவர், ஆப்பிரிக்கர்களுக்கு மனச்சோர்வு அரிது என்றும் அவர்களுடைய மூளையின் முன்பகுதி சரிவர இயங்குவதில்லை என்றும் எழுதியிருந்தார். சோகப்படவும் வெள்ளைத்தோல் வேண்டும் என்பதுதான் இதன் பொருள். அத்தகைய காலத்தில், மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறவனுக்கும் இந்த நோய் உண்டு, அது வரும், போகும், திரும்ப வரும் என்று ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்ததை வெறும் மருத்துவப் புள்ளிவிவரமாக நான் பார்க்கவில்லை. 'கொழுப்பு', 'சோம்பேறித்தனம்', 'காத்து கருப்பு' என்று பெயர் வாங்கிய ஒரு துன்பத்துக்கு உடல் கிடைத்தது.

அந்த உடலையும் அவர்கள் அளந்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் மனச்சோர்வு நோயாளிகளின் சிறுநீரில் மெலடோனினைத் தேடினார்கள். இருட்டில் மூளையின் பினியல் சுரப்பி சுரக்கும் பொருள் அது. உறக்கமும் விழிப்பும் குலைகிற நோயில் இரவின் சுவட்டைச் சிறுநீரில் தேடினார்கள் எனலாம். 1982இல் லித்தியத் தடுப்பு மருத்துவம் பற்றிய மதுரை ஆய்வு வந்தது. பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உயராய்வு மையம் ஒன்றும் இங்கே இயங்கியது.

4

லித்தியம் ஒரு உப்பு. 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட், பித்துநிலைக்குக் காரணம் உடலில் சேரும் நச்சு என்று தப்பான கருதுகோளுடன் தொடங்கி, கினிப்பன்றிகளுக்கு ஊசி போட்டுப் பார்க்கையில் தற்செயலாகக் கண்டது. மண்ணில் கிடைக்கிற தனிமம். காப்புரிமை வாங்க முடியாது. கம்பெனிகளுக்கு அதில் பெரிய லாபமில்லை. கேட் முதன்முதலில் மருந்து கொடுத்த நோயாளியே பின்னால் அதன் நச்சால் இறந்தார். பயன்படும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி குறைவு. ஆகவே ரத்தத்தில் அளவு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உடலில் சோடியம் குறைந்தால் சிறுநீரகம் அதோடு சேர்த்து லித்தியத்தையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்தில் வேர்த்துக் கொட்ட வேலை செய்கிறவனுக்கு இது வெறும் பாடப்புத்தகச் செய்தி அல்ல.

என் அண்ணன் தையற்காரர். திருமங்கலம் பக்கத்துக் கிராமம். எண்பதுகளில் அவருக்கு இரண்டு முறை பித்து ஏறியது. இரவெல்லாம் தூங்காமல் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துச் சும்மா கொடுத்தார், கடனுக்குத் துணி எடுத்தார், மிஷினையே விற்றார். அப்புறம் மாசக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். லித்தியம் தொடங்கிய பிறகு ஆறு வருஷம் ஒன்றுமில்லை. குறிப்பிட்ட நாளில், ராத்திரி மாத்திரைக்குப் பின் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, மதுரைக்கு பஸ் ஏறி ரத்தம் கொடுத்துவிட்டு வருவார்.

1993இல் நான் அவரிடம் சொன்னேன்: "அண்ணே, இந்த மாத்திரை ஒன்னய அடக்குது. ஒனக்கு ஒன்னுமில்ல. ஒன் கோவத்துக்கு நோய்னு பேரு வச்சிருக்காய்ங்க." அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "படிச்சவன் நீ சொல்ற தம்பி" என்றார். நிறுத்திவிட்டார்.

ஏழாம் மாசம் பித்து ஏறியது. நான் அப்போது வெளியூரில் ஒரு கருத்தரங்கில் இருந்தேன். உறவுக்காரர்கள் அவரை ஒரு வழிபாட்டுத் தலத்தருகே இருந்த கொட்டகையில் கொண்டுபோய் விட்டார்கள். நான் போய்ச் சேரப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. கணுக்காலில் சங்கிலிப் புண். அவரைக் கட்டிவைத்ததில் அரசும் இல்லை, மருத்துவமும் இல்லை. நான் இருந்தேன்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் அத்தகைய கொட்டகை ஒன்று தீப்பிடித்து, சங்கிலியில் கிடந்த 28 பேர் எரிந்து செத்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. எல்லோரும் 'மூடநம்பிக்கை' என்று எழுதினார்கள். எனக்கு அந்தச் சொல்லில் முழு உடன்பாடில்லை. 2000இல் தமிழ்நாட்டின் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளிகளை பெங்களூர் ஆய்வாளர்கள் மருத்துவ அளவுகோலால் அளந்து பார்த்தார்கள். மருந்தில்லாமலே, சில வாரங்களில், நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. உறவினர் கூடவே தங்கல், அமைதியான இடம், ஏசாத மனிதர்கள். ஆக எரிந்தது நம்பிக்கையால் அல்ல. மருத்துவம் எட்டாத தூரத்தில், ஆள்கணக்குக்குக் காசு வாங்கிச் சங்கிலி போட்ட வியாபாரத்தால்.

5

அப்படியானால் உயிரியல் ஆய்வை அப்படியே ஏற்றுக்கொள்வதா? இல்லை.

முதலில், அது 'மேற்கின் அறிவு' என்கிற பேச்சை விடுவோம். பீகாரில் பைத்தியத்துக்குக் கொடுத்துவந்த சர்ப்பகந்தி வேரைப் பற்றி 1931இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். 1952இல் சுவிஸ் கம்பெனியான சிபா அதிலிருந்து ரெசர்ப்பினைப் பிரித்தெடுத்தது. அது மூளையின் அமைன்களை வற்றச் செய்வதையும், ரத்தக்கொதிப்புக்காக அதைத் தின்றவர்களில் சிலர் சோர்ந்து விழுந்ததையும் வைத்துத்தான் மனச்சோர்வின் அமைன் கொள்கை எழுந்தது. ரெசர்ப்பினை வைத்து 1957இல் சுவீடனின் கார்ல்சன் செய்த சோதனைகள், மனச்சிதைவின் டோபமைன் கொள்கைக்கும் வழி திறந்தன. வேர் நம்முடையது, காப்புரிமை அவர்களுடையது. கொள்கையோ பாதிதான் தேறியது. மனச்சோர்வு என்பது செரோட்டோனின் குறைபாடு என்று இன்றுவரை யாரும் நிறுவவில்லை. மாத்திரை வேலை செய்வது வேறு, ஏன் வேலை செய்கிறது என்ற கதை வேறு.

இரண்டாவது, யாருடைய ரத்தம் என்கிற கேள்வி. மனச்சிதைவு மரபணுவியலின் பெருந்தரவு இன்னமும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையது. 1984இல் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து, 3,092 பேரின் மரபணுவை ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். அதில் தலைகாட்டிய மரபணு ஒன்று, உடல் நியாசினைக் கையாளும் பாதையைச் சேர்ந்தது. நியாசின் குறைந்தால் வருவது பெலக்ரா: தோல் வெடிக்கும், வயிறு போகும், கடைசியில் புத்தி தடுமாறும். சோளமே கதியாக இருந்த தக்காணத்து ஏழைகளிடம் அதைக் கோபாலன் ஆராய்ந்திருந்தார். சோறில்லாததால் மனச்சிதைவு வருகிறது என்று 2019 ஆய்வு சொல்லவில்லை. அப்படித் திரிக்கவும் கூடாது. ஆனால் மரபணுவைத் தோண்டிக்கொண்டு போனால் சமூகத்தை விட்டு விலகிவிடுவோம் என்று நாங்கள் பயந்தோமே, அந்தத் தோண்டல் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

மூன்றாவது, எதை அளக்கிறார்கள் என்பது. அண்ணன் மறுபடி லித்தியத்துக்குத் திரும்பினார். ரத்தத்தில் அளவு சரியாக இருந்தது, நோய் அடங்கியது. ஆனால் கை நடுங்கியது. லித்தியத்தின் தெரிந்த பக்கவிளைவு. ஊசியில் நூல் கோர்க்க மதினியைக் கூப்பிடுவார். காஜா போடுவதை விட்டார், பிறகு தையலையே விட்டார். ரத்த அளவுக்குச் சீட்டில் ஒரு கட்டம் இருந்தது, ஊசிக்கு இல்லை. "கை நடுங்குதா" என்று கேட்டவர்கள்கூட, "என்ன தொழில் செய்றீங்க" என்று கேட்கவில்லை. அளவைக் குறைத்துப் பார்க்கவோ, நடுக்கத்துக்கு வேறு மாத்திரை சேர்க்கவோ வழி உண்டு என்பது எங்களுக்கு நாலு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

6

இன்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. தன் சிகிச்சை பற்றிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்கிறது. அது தாளில் இருக்கிறது. தாளிலிருந்து திருமங்கலம் பஸ்ஸுக்கு அது எப்படி வந்து சேரும் என்பதே நமக்கான வேலை. லித்தியம் எந்த ஊர் ஆஸ்பத்திரியில் தீராமல் கிடைக்கிறது? ரத்த அளவு எங்கே பார்க்கிறார்கள்? ரத்தம் கொடுத்தவர்களுக்கு ஆய்வு முடிவை யார் வந்து, அவர்கள் மொழியில், சொன்னார்கள்? உயிரியலை மறுப்பதைவிட, உயிரியலிடம் இப்படிக் கணக்குக் கேட்பது கடினமான அரசியல்.

அண்ணனிடம் நான் மன்னிப்புக் கேட்டது வெகு தாமதமாக. அவர் சிரித்தார். "நீ சொன்னதும் முழுப் பொய்யில்லடா தம்பி. மாத்திர போட்டா ஏதோ ஒன்னு அடங்கத்தான் செய்யுது. ஆனா அத நிறுத்தவா வேணாமான்னு எங்கிட்டக் கேட்ருக்கணும். டாக்டரும் கேக்கல, நீயும் கேக்கல."