இருந்த இடத்திலேயே ஓர் இறைப்பயணம்

தஸவ்வுஃப் வரலாற்றைப் பயில்வோர் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் வினா ஒன்றுண்டு. இறைநெருக்கத்தை நாடுபவர் தம் தொழிலையும் பதவியையும் ஊரையும் துறந்து புறப்பட வேண்டுமா? அன்றி, இறைவன் தம்மை எங்கே வைத்துள்ளானோ அவ்விடத்தை மனமுவந்து ஏற்று, அங்கிருந்தே அவனை அடைய இயலுமா? நம் முன்னோர் இதற்கு இரு விடைகள் வழங்கியுள்ளனர். அவை ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினும், ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது ஆழ்ந்து நோக்குவோர்க்குப் புலனாகும்.

முதல் விடைக்குச் சான்றாக விளங்குபவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 484 (கி.பி. 1091) இல் ஸல்ஜூக் அமைச்சர் நிஜாமுல் முல்க், அவர்களைப் பக்தாதின் நிஜாமிய்யா கலாசாலையில் ஆசிரியராக அமர்த்தினார். முந்நூறு மாணவர்கள் அவர்களிடம் பாடம் பயின்றனர். ‘நான் கற்பிப்பது இறைவனுக்காகவா, புகழுக்காகவா?’ என்னும் ஐயம் ஹிஜ்ரி 488 (கி.பி. 1095) இல் அவர்களைப் பற்றிக்கொண்டது. புறப்படுவதா, தங்குவதா என ஏறத்தாழ ஆறு மாதங்கள் தவித்தார்கள். பாடம் சொல்ல நா எழவில்லை, உணவும் செல்லவில்லை. முடிவில் பதவியை விட்டு நீங்கி, திமிஷ்க், பைத்துல் முகத்தஸ், மக்கா எனப் பயணமானார்கள். இதனைத் தமது ‘அல்முன்கித் மினள் ளலால்’ நூலில் அவர்களே விவரித்துள்ளார்கள்.

இரண்டாம் விடை ஷாதுலிய்யா தரீக்காவின் வரலாற்றில் தெளிவுறக் காணப்படுகிறது. மொராக்கோவில் பிறந்த ஷைகு அபுல் ஹஸன் ஷாதுலி (ரஹ்) அவர்கள், காலத்தின் குத்பைத் தேடி இளமையில் இராக்குவரை சென்றார்கள். ‘நீர் இங்கே தேடுபவர் உம் நாட்டிலேயே இருக்கிறார்’ என்ற கருத்தில் அங்கிருந்த ஷைகு ஒருவர் கூற, அவர்கள் தாயகம் திரும்பி, ஜபலுல் அலம் மலையில் ஷைகு அப்துஸ் ஸலாம் இப்னு மஷீஷ் (ரஹ்) அவர்களைக் கண்டடைந்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் தரும் செய்தி. பின்னாளில் எகிப்தின் இஸ்கந்தரிய்யாவில் தங்கி வழிகாட்டிய அவர்கள், ஒட்டுப்போட்ட ஆடையைத் துறவின் அடையாளமாகக் கொள்ளவில்லை, நல்லாடை உடுத்தினார்கள். தொழிலை விடுமாறு சீடர்களைப் பணிக்கவுமில்லை. ஹிஜ்ரி 656 (கி.பி. 1258) இல் ஹஜ்ஜுப் பயண வழியில் ஹுமைஸரா என்னும் பாலைவெளியில் மறைந்தார்கள்.

அவர்களுக்குப் பின் தரீக்காவின் தலைமையை ஏற்றவர்கள் ஷைகு அபுல் அப்பாஸ் முர்ஸி (ரஹ்). அவர்களிடம் வந்து சேர்ந்தவர் இஸ்கந்தரிய்யாவின் இளம் மாலிகி அறிஞர் இப்னு அதாவுல்லாஹ். இவருடைய பாட்டனார் ஸூஃபிகளை எதிர்த்த ஃபகீஹ். இவரும் தொடக்கத்தில் அவ்வாறே இருந்தவர். மனம் மாறிய பின்னரோ, ஃபிக்ஹு முதலான கல்வியில் ஈடுபட்டுக்கொண்டே இறைவனை அடைதல் அரிது எனக் கருதி, கல்வியைக் கைவிடும் எண்ணத்துடன் ஷைகிடம் சென்றார். அவர் வாய் திறக்குமுன்பே ஷைகு ஒரு நிகழ்ச்சியைக் கூறினார்கள். கூஸ் நகரில் கற்பிக்கும் பணியில் இருந்த ஓர் அறிஞரும் இதே எண்ணத்துடன் வந்ததாகவும், இறைவன் வைத்த இடத்திலேயே இருக்குமாறும், அவருக்கென விதிக்கப்பட்ட பேறு அங்கேயே வந்தடையும் என்றும் அவருக்குத் தாம் உரைத்ததாகவும் சொன்னார்கள். கேட்டவரின் உள்ளச்சுமை அக்கணமே நீங்கிற்று.

இந்நிகழ்ச்சி இடம்பெறும் நூலின் பெயரே ‘அத்தன்வீர் ஃபீ இஸ்காதித் தத்பீர்’ என்பது கருதத்தக்கது. தன் வாழ்வைத் தானே திட்டமிட்டு ஆள்வதாக எண்ணும் மனப்போக்கே தத்பீர். அதனைக் கைவிடுதலே நூலின் பொருள். தொழிலிலும் பணியிலும் வைக்கப்பட்டவன் துறவுக்கு ஆசைப்படுவதில் நஃப்ஸின் மறைவான இச்சை ஒளிந்திருக்கலாம் என்பது அவர்களின் நுண்ணிய கணிப்பு. ஏனெனில், ‘துறந்தவன்’ என்னும் பெயரும் ஒரு பதவியே.

‘நீ இருக்கும் நிலையிலேயே நிறைவானவன்; எதையும் தேட வேண்டியதில்லை’ என்ற அறிவுரை இக்காலத்தில் பல மேடைகளிலும் ஒலிக்கிறது. இப்னு அதாவுல்லாஹ் (ரஹ்) அவர்களையும் அதற்குச் சான்றாக அழைப்போர் உளர். அது பொருந்தாது. இடத்தை ஏற்கச் சொன்ன அதே ஆசிரியர், தமது ‘அல்ஹிகம்’ நூலில், தன் நஃப்ஸின் மீது மனநிறைவு கொள்வதே எல்லாப் பாவங்களுக்கும் வேர் என்னும் கருத்தை நிலைநாட்டியுள்ளார்கள். ஏற்க வேண்டியது இறைவன் அமைத்த இடத்தை. ஏற்கலாகாதது நஃப்ஸின் குறைகளை. இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் ‘ரிளா’ என்னும் உயர்பண்பு சோம்பலின் மறுபெயராகிவிடும்.

அங்ஙனமாயின் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் புறப்பட்டது பிழையா? அன்று. புகழாசை என்னும் நோய் அப்பதவியிலேயே வேரோடியிருந்ததை அவர்கள் கண்டறிந்தார்கள். பதினோர் ஆண்டுகளுக்குப் பின், ஹிஜ்ரி 499 (கி.பி. 1106) இல் நைஸாபூரின் நிஜாமிய்யாவில் மீண்டும் கற்பிக்க அமர்ந்தபோது, இதனைப் பழைய நிலைக்குத் திரும்பியதாகத் தாம் கருதவில்லை என எழுதினார்கள். முன்பு பெருமையை ஈட்டித் தரும் கல்வியையும், இப்போது பெருமையைத் துறக்கச் செய்யும் கல்வியையும் கற்பிப்பதாகக் கூறினார்கள். பணி ஒன்றே, பணி செய்தவர் மாறியிருந்தார்.

இருப்பதா, புறப்படுவதா என்பதை அறியும் உரைகல்லை, ‘அல்ஹிகம்’ நூலுக்கு உரை வரைந்தவரும் ஃபாஸ் நகரின் கரவிய்யீன் பள்ளியில் கதீபாக விளங்கியவருமான இப்னு அப்பாத் (ரஹ், மறைவு கி.பி. 1390) வகுத்துள்ளார்கள். ஒருவரின் தொழில் நீடித்து, அதில் அவரது மார்க்கம் பழுதுறாமலும், பிறர் பொருள்மீது ஆசை எழாமலும், உறவினரைப் பேணவும் ஏழைக்கு உதவவும் அது துணைநிற்குமாயின், இறைவன் அவரை வைத்த இடம் அதுவே.

காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் ஷாதுலிய்யாவின் ஃபாஸிய்யா கிளை வேரூன்றியிருப்பதை நாமறிவோம். கடையையும் கணக்கையும் விடாமலே திக்ரு மஜ்லிஸுக்கு வர இடமளிக்கும் பாதை வணிக மக்களுக்கு உகந்ததாயிற்று என எண்ண இடமுண்டு. நம் அரபுக் கல்லூரிகளிலும், கிதாபுகளை மூடிவைத்துவிட்டு ஷைகைத் தேடிப் புறப்பட வேண்டுமென ஏங்கும் மாணவர்களை அவ்வப்போது காண்கிறோம். அவர்களுக்கு இப்னு அதாவுல்லாஹ் (ரஹ்) அவர்களின் எஞ்சிய வாழ்வே விடை. கல்வியை விட எண்ணிச் சென்ற அவர்கள், பின்னர்க் கெய்ரோவில் அல்அஸ்ஹரில் ஃபிக்ஹையும் தஸவ்வுஃபையும் ஒருங்கே போதித்தார்கள். ஹிஜ்ரி 709 (கி.பி. 1309) இல் அவர்களது உயிர் பிரிந்த இடம் மலைக்குகையன்று, அந்நகரின் மன்ஸூரிய்யா மத்ரஸா.