எடுக்கும் வரை

மதுரையில் துட்டி வீட்டுக்குப் போகிறவர் வாசலில் நிற்பவரிடம் முதலில் விசாரிப்பது, "எப்ப எடுக்கிறாங்க?" என்பதைத்தான். எப்படிச் செத்தார் என்பதெல்லாம் அதற்கப்புறம். அடுத்த வீட்டில் உலை வைப்பதும் முக்குப் பிள்ளையாருக்கு விளக்குப் போடுவதும் அந்த நேரத்தைப் பார்த்துத்தான் காத்திருக்கும். தெருவில் பிணம் கிடக்கும்போது அந்தத் தெருக் கோயிலின் நடையைத் திறக்கமாட்டார்கள்.

உயிர் பிரிந்ததிலிருந்து மண் மூடும் வரையுள்ள இதே பொழுதுக்கு யூதச் சட்டம் தனிப் பெயரே வைத்திருக்கிறது: அனினூத். அந்தப் பொழுதில் இருப்பவர் ஓனேன். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர், கணவன் அல்லது மனைவி என்ற உறவுகளில் ஒருவரைப் பறிகொடுத்தவர் அவர். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பு, ஷெமா என்னும் நம்பிக்கை அறிக்கையை ஓதுவதிலிருந்தும் அன்றாடத் தொழுகையிலிருந்தும் அவரை விடுவிக்கிறது. பத்துப் பேர் கூடினால்தான் நடக்கும் கூட்டு வழிபாட்டில் அவரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சாப்பிடும் முன் சொல்லும் துதியும் இல்லை. இறைச்சியும் திராட்சை மதுவும் கூடாது.

துக்கம் வந்தால் எல்லா மதமும் வழிபாட்டை நிறுத்திவிடும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அதே மதுரையில் ஒரு முஸ்லிம் மௌத்து வீட்டில் ஐவேளைத் தொழுகை யாருக்கும் நீங்குவதில்லை. யூதரும் நாமும் நிறுத்துகிறோம். அதனால்தான் இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியது.

பார்த்தால், காரணம் வேறாக இருக்கிறது. நம் வீட்டில் சாமி படத்தைத் துணி போட்டு மூடுவது தீட்டுக்காக. யூத மரபிலும் பிணத் தீட்டு உண்டு. கோஹேன் என்னும் ஆசாரியக் குலத்தார் பிணத்தின் அருகே போகாதது அதனால்தான். ஆனால் ஓனேன் தொழாமல் இருப்பதற்கு அது காரணமில்லை. மிஷ்னாவுக்கு விரிவுரையான எருசலேம் தல்மூத் இரண்டு காரணங்களை வைத்து வாதிக்கிறது. ஒன்று, இறந்தவருக்குச் செய்யும் மரியாதை. மற்றது, அடக்கச் சுமையைத் தூக்க ஓனேனை விட்டால் ஆளில்லை என்பது. பதினோராம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி இரண்டாவதன் பக்கமாகப் பேசுகிறார்: அடக்கம் செய்வது கடமை, அந்த யோசனையில் மூழ்கியவனை இன்னொரு கடமைக்கு இழுக்கக்கூடாது. ஓனேனே விரும்பினாலும் தொழக்கூடாது என்றும் பின்வந்த உரைகள் சொல்கின்றன.

வேலைதான் காரணம் என்பதற்குச் சப்பாத் என்னும் ஓய்வுநாள் நல்ல சாட்சி. சனிக்கிழமை யூதர் அடக்கம் செய்வதில்லை. அடக்க வேலை இல்லை என்பதால் அன்று ஓனேன் தொழவேண்டும், இறைச்சியும் உண்ணலாம். பொழுது சாய்ந்ததும் விலக்கு திரும்பிவிடும். தீட்டாக இருந்திருந்தால் இப்படி ஒருநாள் விட்டுப் பிடிக்குமா? நமக்கும் சனிக்கிழமை தனிதான். சனிப் பிணம் தனிப் போகாது என்று பாடையில் கோழிக்குஞ்சு கட்டுகிறோம். ஆனால் நம் கவலை, கூட இன்னொரு உயிர் போய்விடக்கூடாதே என்பது.

சுமை விஷயத்தில்தான் மதுரை என்னை நெகிழ வைக்கிறது. இங்கே மகன் தலையில் எந்த ஏற்பாடும் விழுவதில்லை. பங்காளிகளும் மாமன் மச்சான்களும் சொந்தபந்தத்துக்குச் சொல்லி அனுப்புவார்கள், பந்தல் போடுவார்கள், தத்தனேரி மயானத்துக்கோ மூலக்கரை மயானத்துக்கோ போய் இடம் சொல்லி வைப்பார்கள். நீர்மாலைக்கும் கொள்ளிக்குடத்துக்கும் அவன் எழுந்தால் போதும். இப்படிச் சுமை கைமாறினால் என்ன ஆகும் என்று யூதச் சட்டமும் யோசித்திருக்கிறது. 1565இல் வெனிஸில் அச்சான ஷுல்ஹான் ஆரூக் என்னும் சட்ட நூல், அடக்கம் செய்வோர் இருக்கும் ஊரில் உறவினர் உடலை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டால், வீட்டிலிருந்து எடுக்கும் முன்பே இறைச்சி, மது விலக்கு நீங்கிவிடும் என்கிறது. நம்மிடம் ஊரே சுமந்தாலும் தீட்டில் ஒரு பொழுதும் குறையாது.

சாப்பாட்டில் யூதரும் நாமும் நெருங்கி வருகிறோம். பிணம் கிடக்கும் இடத்தில் ஓனேன் உண்ணக்கூடாது, வேறு வீட்டில் உண்ணவேண்டும் என்கிறது பாபிலோனிய தல்மூத். வேறு வீடு இல்லாவிட்டால் நண்பன் வீடு, அதுவும் இல்லாவிட்டால் நடுவில் ஒரு தடுப்பு, தடுப்புக்கும் வழியில்லாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாவது உண்ணலாம். ஏழையை நினைத்துப் படிப்படியாக இறங்கிவரும் சட்டம் இது. நம் ஊரில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எடுக்கும் வரை அடுப்புப் பற்றவைக்காத வீட்டிலிருந்து, அழுது தொண்டை கட்டியவளைப் பக்கத்து வீட்டுக்காரி கைத்தாங்கலாகக் கூட்டிப்போய், "ஒரு வாய் காப்பியாச்சும் குடி தாயி" என்பாள்.

முடிவில்தான் பெரிய வேற்றுமை. அடக்கம் முடிந்த நிமிடமே ஓனேன் தொழுகைக்குத் திரும்புகிறார். மண் மூடியதும் கதீஷ் என்னும் துதியைச் சொல்கிறார். அடுத்த ஏழு நாள் அவர் வீட்டுக்கே பத்துப் பேர் வந்து கூடித் தொழுகிறார்கள். நம்மிடம் அந்த எல்லை தெருவுக்கு மட்டும்தான். எடுத்தாச்சு என்றதும் தெருவில் உலை கொதிக்கும், கோயில் திறக்கும். கொள்ளி வைத்தவனோ கருமாதி வரைக்கும் கோயில் வாசலை மிதிக்க முடியாது. பல வீடுகளில் அது பதினாறு நாள். கடவுளிடம் பேச மிகவும் தேவைப்படுகிற நாட்கள் அவை. இந்த இடத்தில் யூத ஏற்பாட்டின் பக்கமே என் மனம் சாய்கிறது.

சுடுகாட்டுக்குப் போகாதவர்களுக்கு அந்த எல்லை எது? மஹோசா ஊராருக்கு ரவா என்னும் அறிஞர் சொன்ன விடை தல்மூத்தில் இருக்கிறது: பாடையோடு போகாதவர்கள் ஊர்வாசலில் முகத்தைத் திருப்பிய கணத்திலிருந்து துக்க நாட்களை எண்ணலாம். மதுரைப் பக்கத்துப் பெண்களும் தெருமுக்கு வரைதான் போகிறார்கள். அங்கே விழுந்து அழுதுவிட்டுத் திரும்புவார்கள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவும் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் பிள்ளையார் கோயிலின் பூட்டைத் திறக்க யாரோ சாவியோடு நடந்துபோவார்.