பொதுச் சைக்கிளுக்கு யார் பொறுப்பு?

நம் கார் நிறுத்துமிடத்தின் மூலையில் காற்று இறங்கி, தூசி படிந்து நிற்கும் சைக்கிள்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓட்டிய பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். சைக்கிள் மட்டும் இங்கேயே நின்றுவிட்டது. அவற்றைப் பழுது பார்த்து, எல்லோரும் எடுத்து ஓட்டும்படி பொதுவில் விடலாம் என்ற யோசனை அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. கை தூக்குவதற்கு முன், இதே யோசனை மற்ற இடங்களில் என்ன ஆனது என்று பார்த்துவிடுவோம். அந்தக் கதையின் இரண்டு முக்கியத் திருப்பங்கள் பல்கலைக்கழக வளாகங்களில் நடந்தவை.

தொடக்கம் 1965இல், ஆம்ஸ்டர்டாமில். 'ப்ரோவோ' என்ற இளைஞர் இயக்கத்தைச் சேர்ந்த லூட் ஸ்கிம்மெல்பென்னிங்க், நகர மையத்தில் கார்களைத் தடுத்து, வெள்ளை நிறச் சைக்கிள்களைப் பொதுவில் விடலாம் என்றார். நகராட்சி ஏற்கவில்லை. இளைஞர்கள் தாங்களே சில சைக்கிள்களுக்கு வெள்ளையடித்துத் தெருவில் நிறுத்தினார்கள். பூட்டாமல் சைக்கிளை விட்டுச் செல்வது சட்டப்படி குற்றம் என்று சொல்லிப் போலீசார் அவற்றை எடுத்துச் சென்றனர். இளைஞர்களும் விடவில்லை. எண் பூட்டுப் போட்டு, அதைத் திறக்கும் எண்ணைச் சைக்கிளிலேயே எழுதி வைத்தார்கள்!

1993இல் இங்கிலாந்தின் பல்கலைக்கழக நகரமான கேம்பிரிட்ஜில், சுமார் 300 பச்சை நிறச் சைக்கிள்கள் இலவசமாக விடப்பட்டன. பெரும்பாலானவை திருடு போக, திட்டம் சீக்கிரமே முடிந்தது. 1995இல் கோபன்ஹேகன் நகரம் வேறு வழியைப் பிடித்தது. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியைப் போல, 20 குரோனர் நாணயத்தைப் போட்டால் சைக்கிள் கழன்று வரும். திருப்பி வைத்தால் நாணயம் கையில். ஆனால் நாணயத்தைப் போட்டவர் யார் என்பது யாருக்கும் தெரியாது. அதனால் அங்கேயும் திருட்டு நிற்கவில்லை.

அந்தக் குறையைத் தீர்த்தது ஒரு வளாகம். 1996இல் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகம் 'பைக்அபவுட்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. காந்தப் பட்டை கொண்ட அட்டையைக் காட்டினால்தான் சைக்கிள் கிடைக்கும். எடுத்தவர் யார் என்பது பதிவாகிவிடும். பல்கலைக்கழகத்துக்கு இது எளிது. மாணவர்களின் பெயரும் விலாசமும் ஏற்கெனவே அதன் கையில் இருக்கின்றன. அந்தத் திட்டம் சிறியது. ஆனால் 1998இல் பிரான்சின் ரென் நகரமும், 2005இல் லியோனும், 2007இல் பாரிஸும் தொடங்கிய பெரிய திட்டங்களுக்கும் இதே கொள்கைதான் அடிப்படை: எடுப்பவர் இன்னார் என்று தெரிய வேண்டும்.

இரண்டாவது வளாகம் பீகிங் பல்கலைக்கழகம். அங்கே படித்த தாய் வெய்யும் நண்பர்களும் 2014இல் 'ஓஃபோ'வைத் தொடங்கினார்கள். உன் சைக்கிளை எங்களிடம் கொடு, வளாகத்தில் உள்ள எல்லாச் சைக்கிளையும் ஓட்டிக்கொள் என்பதுதான் அவர்கள் 2015இல் மாணவர்களிடம் சொன்னது. நம் யோசனையும் கிட்டத்தட்ட அதுதானே? வளாகத்துக்குள் அது பிடித்துக்கொண்டது. பிறகு நிறுவனம் வளாகத்தைத் தாண்டிப் பல நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் பரவியது. ஆரம்பகாலச் சைக்கிள்களில் பூட்டின் எண் மாறாது. ஒரு முறை மனப்பாடம் செய்தவர் பிறகு காசு கொடுக்காமலே ஓட்டினார். முன்பணமாக வாங்கிய 99 யுவானையும், பிறகு 199 யுவானையும் திருப்பிக் கேட்டு, 2018 டிசம்பரில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இணையத்தில் வரிசையில் நின்றார்கள். நிறுவனம் அதோடு நொடித்தது.

இன்னொரு சிக்கலைப் பாரிஸ் காட்டியது. மேட்டிலுள்ள நிலையங்களிலிருந்து இறக்கத்தில் ஓட்டி வருவார்கள்; திரும்ப மேலே மிதிக்க ஆள் இல்லை. மேலே நிலையம் காலி, கீழே நிறுத்த இடமில்லை. சைக்கிள்களை லாரியில் ஏற்றி மேலே கொண்டுபோக வேண்டியிருந்தது. மேட்டு நிலையத்தில் கொண்டுவந்து விடுபவருக்குக் கூடுதலாக 15 நிமிடம் இலவசம் என்ற சலுகையும் வந்தது. நம் வளாகத்தில் மேடு இல்லை. ஆனால் காலையில் எல்லாச் சைக்கிளும் வாசல் கேட்டருகே சேர்ந்துவிட்டால், கடைசி பிளாக்கில் இருப்பவருக்கு எது மிஞ்சும்?

ஆகவே பொதுக்குழுவில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. சாவி யாரிடம், பதிவேடு எங்கே? பஞ்சர் ஒட்டவும் பிரேக் சரிசெய்யவும் மாதாமாதம் பணம் எந்தக் கணக்கிலிருந்து? முன்பணம் வாங்கினால் அது தனிக் கணக்கில் இருக்குமா? பிளாக், வீட்டு எண், எடுத்த நேரம் என்று காவலர் அறையில் ஒரு நோட்டு இருந்தால், போர்ட்ஸ்மவுத் அட்டை செய்த வேலையை அதுவே செய்யும். ஆனால் எழுதிக் கையெழுத்துப் போடுவது எடுப்பவரின் பொறுப்பு. ஏற்கெனவே கேட், கூரியர், தண்ணீர் லாரி என்று அலையும் காவலரின் தலையில் இதையும் கட்டுவது நியாயமில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கவும் வேண்டாம். ஐந்தாறு சைக்கிள்களோடு மூன்று மாதம் ஓட்டிப் பார்ப்போம். உங்கள் வீட்டுச் சைக்கிளைக் கொடுக்க விருப்பமிருந்தால், கூட்டத்துக்கு முன்பே சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள்.